நம்ம வைஃபை பற்றிப் பரவும் செய்தி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"இவங்க போட்ட வைஃபை வழியாத்தான் பாஸ்வேர்டு போச்சு" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் கடைகளில் ரவுட்டர் நாங்கள் போட்டதுதான். ஆனால் யாருடைய பாஸ்வேர்டும் எங்களிடம் வருவதில்லை, வரவும் வழியில்லை. பார்த்ததும் மற்றவர்களுக்கு அனுப்பாமல் முதலில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் நடுவில் வேறொருவர் புக வழி உண்டு. கடையின் பில்லிங் கணினி இணையத்துக்குப் போகுமுன் "192.168.1.1 (ரவுட்டரின் முகவரி) யார்?" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். ஏஆர்பி என்ற இந்த முறை 1982-ல் வந்தது. பதில் சொல்வது யார் என்று சரிபார்க்க அதில் இடமே இல்லை. அதே வைஃபையில் உள்ள ஒரு லேப்டாப் "நான்தான் ரவுட்டர்" என்றால் கணினி நம்பிவிடும். ரவுட்டரிடம் "நான்தான் பில்லிங் கணினி" என்றால் அதுவும் நம்பும். பிறகு போவது வருவதெல்லாம் அந்த லேப்டாப் வழியாகத்தான். கடைகளில் போடும் சாதாரண ரவுட்டர்கள் பெரும்பாலும், எந்தக் கம்பெனியானாலும், இதற்கு விலக்கல்ல.

அப்படியும் வங்கித் தளத்தின் பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. அது யாரும் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, பூட்டிப் போகிறது. தளம் நிஜமானது என்று காட்டும் சான்றிதழுக்குப் பதில் நடுவில் இருப்பவர் போலியைக் காட்டினால் பிரவுசர் எச்சரித்துத் தடுக்கும். "அட்வான்ஸ்டு" தட்டி "புரொசீட்" கொடுத்தால்தான் ஆபத்து.

ஊழியர்களைத் திட்டாதீர்கள். பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழ் செல்லும் தேதியோடு அது பொருந்தாததால், நல்ல தளத்துக்கும் இதே எச்சரிக்கைதான் வரும். தினமும் தட்டித் தாண்டிப் பழகிய கை, நிஜ எச்சரிக்கையையும் தாண்டிவிடும். பேட்டரி நூறு ரூபாய்கூட ஆகாது, இன்றே மாற்றுங்கள்.

சந்தேகம் வந்தால் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை அடிக்கும் திரை) திறந்து 'arp -a' என்று அடியுங்கள். ரவுட்டர் முகவரிக்கு நேரே உள்ள பிசிக்கல் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) இன்னொரு கணினிக்கும் அப்படியே இருந்தால், பில்லிங் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். பாஸ்வேர்டை மொபைல் டேட்டாவில் மாற்றுங்கள், அதே வைஃபையில் வேண்டாம். பணம் போயிருந்தால் எங்களுக்கும் முன்னால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைக்கு வருபவர்களின் வைஃபையும் பில்லிங்கும் ஒரே நெட்வொர்க்கில் உள்ள இடங்களில் (சிலவற்றை நாங்களே அப்படி அமைத்திருந்தோம்) இரண்டையும் பிரித்துத் தருகிறோம். அதற்குக் கட்டணமில்லை, மாதப் பராமரிப்பு மட்டும் அடுத்த மாதம் முதல் 150 ரூபாய் கூடும். ஆள் வரும்போது சுமார் அரை மணி நேரம் பில்லிங் நிற்கும் என்பதால், கூட்டமில்லாத நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்