சிடிக்கும் சட்டத்தில் இடம் வேண்டும்

பதிப்புரிமைச் சட்டத்தைக் கவனிக்கும் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என்னிடம் 1990களின் கடைசியில் வந்த ஒரு விளையாட்டு சிடி இருக்கிறது. திறந்து பார்த்தால் 00000001.டிஎம்பி என்று ஒரு ஃபைல் தெரியும். சேஃப்டிஸ்க் என்ற, படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போட்ட சிடிக்கு அது அடையாளம். போன மாதம் அதைப் படியெடுக்க உட்கார்ந்தேன். சிடியில் தரவு செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பதிந்திருக்கும். தொடக்கத்தில் நன்றாக ஓடிய டிரைவ், 800 செக்டர்களைத் தாண்டியதும் திணற ஆரம்பித்தது. சுழற்சி தணியும், மறுபடி வேகமெடுக்கும், லென்ஸ் முன்னும் பின்னும் போய் டிக் டிக்கென்று தேடும். பத்தாயிரத்தை நெருங்கும் வரை இதே பாடு.

அந்த செக்டர்கள் கெட்டுப்போனவை அல்ல. தயாரிக்கும்போதே வேண்டுமென்று பிழையோடு அச்சிட்டவை. விளையாட்டு தொடங்கும்போது அந்தப் பிழைகள் இருக்கின்றனவா என்று புரோகிராம் பார்க்கும். இருந்தால்தான் அசல் என்று ஒப்புக்கொள்ளும். சிடியை ஒரே ஃபைலாக எடுக்கும் சாதாரண ஐஎஸ்ஓ படியோ, செக்டருக்கு 2352 பைட்டில் 2048-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு பிழைதிருத்தப் பகுதியை விட்டுவிடும். படி கையில் இருக்கும், விளையாட்டு ஓடாது. செக்யூரோம் என்ற இன்னொரு பூட்டின் பிந்தைய பதிப்புகள் தட்டின் மேல் செக்டர்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்பதைக்கூட அளந்து பார்த்தன.

எனக்குப் பெரிய கவலை வேறு. அதே சிடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஓரத்தில் ஊசி குத்தியது போல மூன்று புள்ளிகள். அலுமினியப் பூச்சு அரிக்கத் தொடங்கிவிட்டது. அரிப்பால் வந்த பிழையும் பூட்டுக்காக வைத்த பிழையும் டிரைவுக்கு ஒன்றுதான். ஒரே வெளியீட்டின் இரண்டு மூன்று சிடிகளை ஒப்பிட்டால், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வருவது பூட்டு, ஒன்றில் மட்டும் வருவது அரிப்பு என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். எல்லாமே அரித்துப்போன பிறகு எதை வைத்துப் பிரிப்பது? தனி ஆள் ஒருவரிடம் ஒரே சிடி மூன்று இருக்காது. இது நூலகம் செய்ய வேண்டிய வேலை.

சட்டம் நூலகத்தின் கையைக் கட்டியிருக்கிறது. 2012 திருத்தத்தின் 52(1)(என்) பிரிவின்படி, லாப நோக்கில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம்; ஆனால் அதன் டிஜிட்டல் அல்லாத படி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகத்துக்கு இது போதும். சிடி பிறக்கும்போதே டிஜிட்டல். புரோகிராம்களுக்கு 52(1)(ஏஏ) தரும் பேக்கப் உரிமையும் தற்காலிகப் பாதுகாப்புக்கு மட்டும். உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்று 65ஏ சொல்வது நியாயம். ஆனால் சேமிக்கவே தெளிவான அனுமதி இல்லாதபோது எந்த நூலகர் துணிந்து பூட்டில் கை வைப்பார்?

அமெரிக்காவில், கடையில் கிடைக்காமல் போன மென்பொருளைக் காக்க நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பூட்டை விலக்கலாம் என்று 2018-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது இரண்டு. 52(1)(என்)-இல் "டிஜிட்டல் அல்லாத" என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். பிழைகளும், தரவோடு கூடவே பதிந்திருக்கும் துணைத்தடக் குறிப்புகளும் சேர, சிடியை உள்ளபடியே படியெடுப்பது நூலகத்துக்குக் குற்றமல்ல என்று எழுத்தில் தாருங்கள். அந்த எழுத்து வந்த அன்றே என் சிடியை, ஒப்பிட்டுப் பார்க்க முன்வரும் எந்தப் பொது நூலகத்துக்கும் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சிடி சேகரிக்கும் ஒரு வாசகன்