சித்தப்பா, அந்த மைக்ராஸ்கோப்பைப் பஃபில் கொடுக்காதீங்க

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஏற்காட்டு எஸ்டேட் பங்களா சாமான்களோடு வாங்கி வந்த பித்தளை மைக்ராஸ்கோப்பின் படங்களைப் பார்த்தேன். "பட்டறையில ஒரு பஃப் போட்டா தங்கமாட்டம் ஆயிடும்" என்று கூடவே எழுதியிருந்தீர்கள். வேண்டாம். புளியும் வேண்டாம், பிராசோவும் வேண்டாம். அந்தத் தேன் நிறம் அழுக்கு இல்லை, பித்தளையைச் சூடாக்கி அதன்மேல் பூசிய அரக்கு மெருகு. தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃப் சக்கரம் பட்டதும் போய்விடும், விலையும் கூடவே இறங்கும். ஸ்பிரிட் தொட்டாலும் அரக்கு கரையும். காய்ந்த பருத்தித் துணி போதும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இத்தனை வருஷம் கொலுசுக்குத் திருகு வைத்த கைக்கு, பளபளப்பைவிட அந்த ஸ்டாண்டில்தான் வேலை இருக்கிறது. முன்காலத்து மூன்றுகால் மைக்ராஸ்கோப்பில், பார்க்கும் பொருளை வைக்கும் மேடை கால்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், கை நுழையாது. 1744-ல் லண்டனில் ஜான் கஃப் எல்லாவற்றையும் பக்கத்தூணில் ஏற்றி மேடையைத் திறந்துவிட்டார். நுணுக்கமாக ஃபோகஸ் செய்யத் தனித் திருகும் வைத்தார்.

உங்களுடையது அதற்கு வெகுகாலம் பிந்திய வகை. குழாய், மேடை, வெளிச்சம் காட்டும் அடிக்கண்ணாடி மூன்றும் ஒரே பித்தளைக் கையில் பொருந்தியிருக்க, அந்தக் கை இரண்டு தூண்களுக்கு நடுவே சாய்கிறது. கழுத்து வலிக்காமல் உட்கார்ந்து பார்க்கலாம். குழாயை ஏற்றி இறக்க அதன் முதுகில் இருக்கும் பல்வரிசையைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன், சாய்வாக வெட்டியிருக்கிறார்கள்! நேர்ப்பல் என்றால் ஒவ்வொரு பல்லாகக் கவ்வி லேசாகக் குதிக்கும். சாய்வுப் பல்லில் அடுத்த பல் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்தக் காலத்துக் கைவேலை, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் லென்ஸைத் திருகி மாட்டும் மரை. 1858-ல் லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் 0.8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 36 மரை என்று ஒரே அளவு வகுத்தது. காலேஜ் லேபில் இன்றும் பல லென்ஸ்களுக்கு அதே மரைதான். தெரிந்த லேபில் ஒன்று கேட்டு வாங்கி ஏற்றிப் பாருங்கள், முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். சரியாக ஏறினால் உங்களுடையது அநேகமாக 1858-க்குப் பிந்தையது.

பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை என்றதும் ஞாபகம் வருகிறது, எஸ்டேட்டில் காபி இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி படிந்திருந்தால் ஒரு இலை பறித்து வையுங்கள். காபித் துருநோய்ப் பூஞ்சையின் வித்து அது. மைக்ராஸ்கோப்பில் ஒரு பக்கம் முள்முள்ளாகவும் மறுபக்கம் வழவழவென்றும் இருக்கும். தீபாவளிக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்