சொந்தமாகச் சூப்பர் நிதி நடத்தும் ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

எஸ்எம்எஸ்எஃப் (சூப்பர் எனும் ஓய்வுக்காலச் சேமிப்பை நாமே நடத்தும் நிதி) வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஆக்சுவரி (நிதிக் கணக்கீட்டு நிபுணர்) தரும் சான்றிதழைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அக்கவுண்டன்ட் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படிச் சொன்னவள்தான். இந்த வருடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நிதியின் வருடாந்தர வரி ரிட்டர்ன் போகுமுன் நீங்களே வாசியுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சேமிப்புக் கட்டத்தில் இருக்கும் சூப்பர் பணம் ஈட்டும் வருமானத்துக்கு 15 சதவீதம் வரி. பென்ஷன் கொடுக்கத் தொடங்கிய பணத்தின் வருமானத்துக்கு வரி இல்லை. சொத்துகளைப் பிரித்து வைக்காமல், ஒரே நிதியில் இரண்டும் கலந்து கிடந்தால், வருமானத்தில் எவ்வளவுக்கு விலக்கு என்று சான்றிதழ் சொல்லும். பென்ஷன் இருப்பின் வருடச் சராசரியை மொத்த இருப்பின் சராசரியால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். ஆக்சுவரி உங்கள் பேங்க் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை. நாம் கொடுக்கும் தேதியும் தொகையுமே அவருக்கு ஆதாரம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், எண்களை மட்டும் உருண்டையாக்கி. என் கணவரின் 6 லட்சம் டாலர் 2025 ஜனவரி 1 முதல் பென்ஷனாக மாறியது. என்னுடைய 4 லட்சம் சேமிப்பிலேயே இருந்தது. நிதியாண்டு ஜூன் 30இல் முடிவதால், 365 நாளில் 181 நாள் மொத்தத்தில் 60 சதவீதம் பென்ஷன்; அப்படியென்றால் விலக்கு சுமார் 29.75 சதவீதம். எங்கள் சான்றிதழிலோ 14.96 என்று இருந்தது! விண்ணப்பத்தில் தொடக்கத் தேதியை ஏப்ரல் 1 என்று யாரோ நிரப்பியிருந்தார்கள். நிதியின் வருமானம் 50,000 டாலர் என்று வைத்தால், அந்த ஒரு தேதியால் கூடும் வரி சுமார் 1,110 டாலர். பென்ஷனைத் தொடங்க, நிதியை நடத்தும் டிரஸ்டிகளாக நாங்கள் எழுதிய தீர்மானம் சரியான தேதியோடு கையெழுத்தாகிக் கோப்பில் இருந்ததால் சான்றிதழைத் திருத்தி வாங்க முடிந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் எதை வைத்து வாதாடியிருப்போம்?

வருட நடுவில் போட்ட பணம், மொத்தமாக எடுத்த பணம் எல்லாமே இந்தச் சதவீதத்தை அசைக்கும். பென்ஷனில் வருடத்துக்கு எடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகையையும் மறந்துவிடாதீர்கள்: 65 முதல் 74 வயதுவரை இருப்பில் 5 சதவீதம், 75 முதல் 79 வரை 6. அதை எடுக்கத் தவறினால் பொதுவாக அந்த வருடம் முழுவதற்குமே விலக்கு போய்விடும்.

இன்னொன்று. நிதி முழுவதும் வருடம் முழுக்கச் சாதாரணக் கணக்குவழிப் பென்ஷனில் (அவரவர் கணக்கு இருப்பிலிருந்து எடுக்கும் பென்ஷன்) மட்டுமே இருந்தால், 2021-22 முதல் சான்றிதழே தேவையில்லை. அப்படியும் உங்கள் பில்லில் அதற்குக் கட்டணம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நம் சமூகத்து அக்கவுண்டன்ட்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆக்சுவரிக்கு அனுப்பும் தேதிகளையும் தொகைகளையும் முதலில் டிரஸ்டிகளுக்கு ஒரு பக்கத்தில் அனுப்பி, "சரிதானே?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்டால் எங்கள் வயதுக்காரர்கள் தயங்காமல் பதில் சொல்வோம்.

அன்புடன்,
சிட்னியிலிருந்து ஒரு டிரஸ்டி