ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

மதுரை,
ஆவணி கடைசி வாரம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "வாட்ஸ்அப்பில் கேட்டால் ரெண்டு வரியில் தப்பிச்சிடுவே, அதான் தபாலில் கேக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். சரிதான். தப்பிக்க முடியாமல்தான் இத்தனை நாள் ஆனது. முதலில் உன் முட்டியைச் சொல். மாடிப்படி ஏறி இறங்குவதை எல்லாம் நடை என்று கணக்கில் சேர்க்காதே. உன் பெண்ணுக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். "அவளாவது விடாம இருக்கட்டும்" என்றாள். யாரைக் குத்திச் சொன்னாள் என்று உனக்குப் புரியும்.

நீ கேட்டது ஒரே கேள்வி: 23 வருஷ மின்வாரிய வேலையை 48 வயதில் விட்டுவிட்டுப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போனது பைத்தியக்காரத்தனம் இல்லையா? பாதிப் பைத்தியம்தான். மீதிப் பாதிக்குக் கணக்குப் போட்டேன். 20 வருஷ சர்வீஸ் முடிந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் போகலாம். நான் 2001ல் சேர்ந்தவள். 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் சேர்ந்ததால் பழைய பென்ஷன் உண்டு. இரண்டு வருஷம் தள்ளி ஆர்டர் வந்திருந்தால் இந்தக் கடிதமே கிடையாது, இன்னும் ஏதாவது ஒரு துணை மின் நிலையத்தில் லாக் புக் எழுதிக்கொண்டிருப்பேன். முழுப் பென்ஷனுக்கு 30 வருஷம் வேண்டும், எனக்குக் கொஞ்சம் குறையும். வீட்டுக் கடன் 2023ல் முடிந்தது. இவர் ஒரு வெள்ளைத்தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "காரை மட்டும் மாத்த முடியாது, மத்தபடி ஓடும்" என்றார். அவர் பேசியது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. நான் சேரும்போது ஓய்வு வயது 58. 58 ஆனதும் பாட்டு என்று மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். 2020ல் 59 ஆக்கினார்கள். சரி, ஒரு வருஷம்தானே என்றிருந்தேன். 2021ல் 60. ஆபீசில் எல்லோரும் லட்டு கொடுத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அந்த லட்டு தொண்டையில் இறங்கவில்லை. எல்லைக் கோட்டை நான் நெருங்க நெருங்க அது நகர்ந்துகொண்டே போனது. இனிமேல் காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

மேலூர்ப் பக்கம் நைட் ஷிப்டில் இருந்தபோது உனக்கு ஒரு முறை போன் பண்ணி, "டிரான்ஸ்ஃபார்மர் சுருதி போடுது டி" என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தூக்கக் கலக்கத்தில் உளறுகிறேன் என்று போனை வைத்துவிட்டாய். உளறல் இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கிற இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை துளி நீண்டு சுருங்கும். அதனால் அது முனகுவது 100 ஹெர்ட்ஸில். பாடுகிற சுருதியைக் கட்டையில் சொல்வோமே, அதில் ஐந்து கட்டை ஸட்ஜமத்தை (ஸ) கீழே இறக்கினால் 98, ஐந்தரைக் கட்டை என்றால் கிட்டத்தட்ட 104. இரண்டுக்கும் நடுவில், ஐந்துக்குச் சற்றுப் பக்கமாக, யாருக்கும் உதவாத ஒரு இடத்தில் நின்றுகொண்டு ராத்திரி முழுக்க முனகும். என் கட்டை ஐந்தரை. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து பாடிப் பார்த்தால் பல் கூசும். சேராத சுருதி காதை என்ன செய்யும் என்று நான் நன்றாகப் படித்தது அந்த யார்டில்தான்.

இனி நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷமாகப் பாடுகிறேன், வர்ணம் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வரும், கீர்த்தனை நூற்றுக்கு மேல் பாடம், சொல்லிக்கொடுப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன். ரிலீவ் ஆன மறு வாரமே சிம்மக்கல்லில் நம் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர்களுக்கு இப்போது 78. பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புச் செவி. "மாணவிகளைப் பிரிச்சுக் குடுங்க டீச்சர், பாதிப் பேரை நான் பாத்துக்கிறேன்" என்றேன். "முதல்ல ஒரு வருஷம் ஓரமா உக்காந்து பாரு" என்று பாயைக் காட்டினார்கள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரை, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைக் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அசிஸ்டென்ட் இன்ஜினியர் என்றால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், இங்கே பாயை நானே சுருட்டி வைக்க வேண்டும்.

நாலு மாதம் கழித்து ஒரு ஒன்பது வயதுப் பெண்ணை என்னிடம் விட்டார்கள். நல்ல குரல். முதல் சரளி, மாயாமாளவகௌளை ராகம். ஏறும்போது சுத்தம். இறங்கி வரும்போது ம க ரி ஸ என்று முடிக்கிற இடத்தில் ரிஷபம் (ரி) தொய்யும், ஸட்ஜமம் சுருதிக்குக் கீழே போய் உட்காரும். நான் பாடிக் காட்டினேன், அவள் தப்பாகப் பாடினாள். மறுபடி பாடிக் காட்டினேன், மறுபடி அதே தப்பு. மூன்று வாரம் அந்த ரிஷபத்தோடு மல்லுக்கட்டினேன். குழந்தைக்கு என்னைப் பார்த்தாலே முகம் சுண்டிவிடும். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த டீச்சர் அங்கிருந்தே கேட்டார்கள்: "நீ பாடிக் காட்டுறே. எப்ப சொல்லிக் குடுக்கப் போறே?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அப்புறம்தான் பழைய தொழில் கைகொடுத்தது. பதினோரு கேவி லைன் ட்ரிப் ஆனால், அதாவது கோளாறில் தானாகவே கரண்ட் அறுந்துவிட்டால், என்ன செய்வோம்? மொத்த லைனையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். நடுவில் இருக்கிற ஏபி ஸ்விட்சைத் திறந்து லைனை இரண்டாகப் பிரித்து, பாதி லைனுக்கு மட்டும் சார்ஜ் கொடுத்துப் பார்ப்போம். தாங்கினால் ஃபால்ட் அந்தப் பக்கம், மறுபடி ட்ரிப் ஆனால் இந்தப் பக்கம். விளக்கு அணைந்தது ஒரு ஊரில் இருக்கும், தென்னமட்டை விழுந்தது நாலு ஊர் தள்ளி இருக்கும்.

மறுநாள் அவளை பஞ்சமத்திலிருந்து (ப) மட்டும் இறங்கச் சொன்னேன். ப ம க ரி ஸ. சுத்தமாக வந்தது. மேல் ஸட்ஜமத்திலிருந்து இறங்கச் சொன்னேன். அதுவும் சுத்தம். முழுசாக, கீழிருந்து ஏறி இறங்கச் சொன்னால் மட்டும் ரிஷபம் தொய்கிறது. ஆக ரிஷபத்தில் ஒன்றுமில்லை. உற்றுப் பார்த்தேன். மேலே போய்த் திரும்புகிற இடத்தில் அவள் மூச்சே எடுக்கவில்லை. முதல் காலத்தில் பதினாறு எண்ணிக்கையையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு வருகிறாள். மத்திமத்துக்கு (ம) வரும்போதே பாவம், காற்று தீர்ந்துபோகிறது. "ஏம்மா நடுவுல மூச்சு விடலை?" என்றேன். "நீங்க விடலையே மிஸ்" என்றாள்.

ஆமாம். நான் விடுவதில்லை. முப்பது வருஷப் பழக்கம், கொஞ்சம் பந்தாவும்கூட. அதையும் பாடத்தில் சேர்த்தி என்று அந்தக் குழந்தை எடுத்துக்கொண்டுவிட்டது. மேல் ஸட்ஜமத்தில் நின்று, மூச்சு எடுத்து, பாடிக் காட்டினேன். அன்றைக்கே சரியாகிவிட்டது. எப்படிப் பாடுகிறேன் என்று எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், செல்வி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பாயில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் எல்லாக் குழந்தைக்கும் மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கிறோம் என்றுகூட நான் யோசித்ததில்லை. புரந்தரதாசர் வைத்த முறை என்று மட்டும் தெரியும். டீச்சர் என்னை ஹார்மோனியக் கட்டையை எண்ணச் சொன்னார்கள். ஸ ரி க ம எந்த இடைவெளியில் போகிறதோ அச்சு அசலாக அதே இடைவெளியில் ப த நி ஸ போகிறது. கீழ்ப் பாதியைப் பிடித்துவிட்டால் மேல் பாதி இலவசம். பெரிதாகக் கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) வைக்காமலும் பாடலாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் பார்.

இன்னொரு பையன், 13 வயது. ஆறு மாதமாக நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று தகர டப்பா மாதிரி உடைந்து உடைந்து பாடினான். வீட்டில் சாதகம் (பயிற்சி) பண்ணவில்லை என்று திட்டிவிட்டேன். மறு வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அவன் அம்மா வந்து, "அவனுக்கு வெக்கமா இருக்காம்" என்றார். மகரக்கட்டு, பையன்களுக்குக் குரல் உடைகிற வயது! என் வீட்டிலேயே ஒரு பையன் அந்த வயதைத் தாண்டி வந்திருக்கிறான், எனக்கு மண்டையில் உறைக்கவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்தேன். இப்போது ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, மேல் ஸ்தாயிப் பக்கமே போகாமல், நாளைக்கு இருபது நிமிஷம் மட்டும் பாடுகிறான். மீதி நேரம் தாளம் போடுகிறான். கணக்கில் கெட்டி. மிருதங்கத்துக்குப் போய்விடுவானோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் பாட்டுக்கு லோயர் கிரேடு எழுதினேன். ஹாலில் என்னைச் சுற்றி எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மேற்பார்வைக்கு நின்றவர் என்னைப் பார்த்து, "பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய இருங்கம்மா" என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பாஸ் பண்ணிவிட்டேன், அடுத்தது ஹையர். அரசு வேலைக்காக இல்லை. அரசுப் பள்ளிகளில் பாட்டு, ஓவியம், தையலுக்கு 2012ல் பகுதி நேர ஆசிரியர்களைப் போட்டார்களே, அவர்கள் ஆரம்பித்தது 5,000 ரூபாயில். இன்னும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பழக்கம், என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் போய், "இருந்த வேலையை விட்டுட்டு வந்தேன்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு தனியார் பள்ளியிலும் ஒரு டெர்ம் போனேன். வாரத்துக்கு இரண்டு பாட்டுப் பீரியட். பரீட்சை நெருங்கினால் கணக்கு மிஸ் வந்து வாங்கிக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு ஒரு வரவேற்புப் பாட்டு, அதற்கு மட்டும் நான் வேண்டும். டெர்ம் முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் பதினோரு பேர் வருகிறார்கள், ஆளுக்கு மாதம் 800. உனக்குத்தான் கணக்கு வருமே, போட்டுக்கொள். பெற்றோர்தான் பெரிய பாடு. ஆறு மாதத்தில் டிவியில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். "எம்.எஸ். அம்மா நம்ம ஊருதானே, பத்து வயசிலேயே ரெக்கார்டு குடுத்தாங்களாமே" என்று ஒருவர் கேட்டார். அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி வயலின், அந்த வீட்டில் பிறந்த குழந்தை காதைத் திறந்ததே சுருதியில்தான் சார் என்றேன். உங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் டிவியை நிறுத்தி வையுங்கள், அப்புறம் பேசலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த மாதம் பையனை நிறுத்திவிட்டார். வாய் இன்னும் அடங்கவில்லை எனக்கு.

சம்பளம் வராத முதல் மாதம், 30ஆம் தேதி ராத்திரி, மெசேஜ் வரும் என்று போனை எடுத்துப் பார்த்தேன். பழக்கதோஷம். அன்று கொஞ்சம் அழுதேன், இவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் காற்று அடித்தால் இன்னும் முழிப்பு வந்துவிடுகிறது, எந்த லைன் போயிருக்கும் என்று படுத்தபடியே யோசிப்பேன். ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் டூட்டியில் இருந்தவள், அழகர் ஆற்றில் இறங்குவதைக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, யார் போனும் வராமல் பார்த்தேன்.

ஆவணி மூலத்துக்கும் போயிருந்தேன், விறகு விற்ற லீலை அன்று. கதை உனக்குத் தெரியும். பாணபத்திரரைப் பாட்டுப் போட்டிக்கு இழுத்த ஏமநாதனை விரட்ட, சொக்கநாதர் விறகு சுமந்து வந்து அவன் திண்ணையில் உட்கார்ந்து சாதாரிப் பண் பாடுகிறார். இன்றைய பந்துவராளி ராகம் என்பார்கள். யாரப்பா நீ என்று ஏமநாதன் கேட்கிறான். பாணபத்திரரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனேன், வயதாகிவிட்டது, நீ லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார், அதனால்தான் விறகு விற்கிறேன் என்கிறார் சாமி. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த 'வயதாகிவிட்டது' மட்டும் இந்தத் தடவைதான் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற டீச்சர் என் கையைக் கிள்ளினார்கள்.

சரி, ஒரு காரியம். மூன்றாம் வருஷம் ஹாஸ்டலில் என் பாட்டு நோட்டை வாங்கினாயே, நீல அட்டை, 1995ல். அதில் டீச்சர் கைப்பட எழுதிக்கொடுத்த பைரவி வர்ணம் இருக்கிறது. இப்போது அவர்களால் எழுத முடியாது. பரணில் தேடு, தொலைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டியில் வருகிறேன். நாலரைக்கு முன்னால் வந்து இறங்கு, அதற்கு மேல் எனக்குக் கிளாஸ்.

உன்
வள்ளி