கயலுக்காகக் கொஞ்சம் விவரம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கயலுக்கு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் வேலை கிடைத்ததைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். நிவாரண அமைப்பில் தகவல் தொடர்பு வேலை என்றால் போட்டோ எடுத்துப் போடுவதுதானே என்று கேட்டிருக்கிறாய். அது பாதிதான். மீதியையும் எழுதுகிறேன், அவளிடம் படிக்கக் கொடு.

அங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். வெள்ளியும் சனியும் விடுமுறை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரின் ராக்கைனிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் தப்பி வந்து சேர்ந்த இடம் அது. உக்கியா, டெக்னாஃப் வட்டாரங்களில் 33 முகாம்கள். நகரத்திலிருந்து குதுப்பாலாங் முகாமுக்குப் போக வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலை நாலு மணிவாக்கில் வெளியாட்கள் கிளம்பிவிட வேண்டும். கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். அகதிகள் நிவாரண ஆணையர் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் இருந்தாலும், அந்தந்த முகாமின் பொறுப்பு அதிகாரியிடம் சொல்லாமல் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. தலைமையகம் இருக்கும் ஜெனீவா கோடையில் நாலு மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கிருந்து திருத்தங்கள் ராத்திரி சாப்பாட்டு வேளையில்தான் வந்து விழும். படக்குறிப்புகளைத் திரும்பும் வேனிலேயே எழுதிவிட்டால் தூக்கம் மிஞ்சும்.

இனி ஒப்புதல். கயல் இதில் கொஞ்சமும் அவசரப்படக் கூடாது. அரிசிக்கு வரிசையில் நிற்பவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்பது தப்பு. மறுத்தால் அரிசி கிடைக்காதோ என்று பயந்தே தலையாட்டிவிடுவார். வீட்டு வாசலில், கேமரா பைக்குள் இருக்கும்போது பேச வேண்டும். பெண்களிடம் பேசப் பெண் மொழிபெயர்ப்பாளரைத்தான் கூட்டிப்போக வேண்டும். படம் எங்கே வரும் என்று வாயால் சொன்னால் போதாது, பழைய பதிவு ஒன்றை போனில் திறந்து காட்ட வேண்டும். மியான்மரில் இருப்பவர்களும் இதைப் பார்க்கலாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பலருக்கு அங்கே இன்னும் சொந்தங்கள் இருக்கிறார்கள். எல்லாம் சொன்ன பிறகு, "நான் சொன்னதை நீங்க உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கட்டும். அவர் திருப்பிச் சொல்வதில் மியான்மர் விஷயமும், மறுத்தால் உதவி நிற்காது என்பதும் வரவில்லையென்றால் ஒப்புதல் இல்லை என்றுதான் அர்த்தம். காகிதத்தில் கைநாட்டு வாங்குவதை விடக் குரல்பதிவு நல்லது. கையெழுத்து, அட்டை என்றாலே அங்கே அச்சம் உண்டு. தங்கள் விவரம் மியான்மருக்குப் போய்விடுமோ என்ற கவலையும் சேர்ந்துதான் 2018 நவம்பரில் அடையாள அட்டைக்கு எதிராக முகாம்களில் போராட்டமே நடந்தது.

பெயரை மாற்றிவிட்டோம், முகத்தை நிழலில் வைத்துவிட்டோம் என்று திருப்திப்படக் கூடாது. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் நிழல் முகம் தெரிந்துவிடும். கதவில் குடிசை எண், கையில் ரேஷன் அட்டை, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவல், இந்த மூன்றுதான் பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுப்பவை. அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பார்க்க வேண்டும். முகம் காட்டாத காணொளியிலும் குரல் அடையாளம்தான்.

மற்ற பாதி, முகாமில் இருப்பவர்களுக்கே செய்தி சொல்வது. வெளியே யார் கண்ணுக்கும் படாத வேலை, என் மனசுக்கு அதுதான் பெரிய வேலை. 2023 மார்ச்சில் உலக உணவுத் திட்டம் நிதி இல்லாமல் மாத உணவுத் தொகையை ஆளுக்கு 12 டாலரிலிருந்து 10 ஆக்கியது, ஜூனில் 8 ஆக்கியது. இப்படி ஒரு முடிவு கடையில் பொருள் குறைந்த பிறகு காதுக்கு எட்டினால், யாரோ திருடிவிட்டார்கள் என்ற வதந்தி அதற்குள் ஊரைச் சுற்றியிருக்கும். ஏன், எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, புகாரை யாரிடம் சொல்வது என்ற நாலும் முன்கூட்டியே போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிக அதிகம், துண்டறிக்கையை மட்டும் நம்ப முடியாது. மஜ்ஹி எனப்படும் பகுதித் தலைவர், பள்ளிவாசல் மைக், டீக்கடை ஒலிபெருக்கி எல்லாம் ஆண்களிடம் போய்ச் சேரும். பெண்களுக்கு வீடு வீடாகத்தான் சொல்ல வேண்டும்.

மே மாதமும் அக்டோபர், நவம்பரும் புயல் காலம். எச்சரிக்கைக் கொடி ஒன்றிலிருந்து மூன்று வரை ஏறும், மூன்று என்றால் பெரும் ஆபத்து. 2023 மே 14-இல் மோக்கா புயல் கரையேறியது. மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகளில் இருப்பவர்களிடம் "பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்று மொட்டையாகச் சொல்வதில் பயனில்லை. எந்தக் கட்டடம், எந்தப் பாதை, கூரையை எந்தக் கயிற்றால் எங்கே கட்டுவது, அட்டைகளை பிளாஸ்டிக் பையில் போடுவது என்று சொல்ல வேண்டும். பதிவு செய்த குரலை முதலில் ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டி, இங்கேயும் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். படம் வரைந்தாலும் அப்படியே. அம்புக்குறியை நாம் நினைக்கிற மாதிரியே எல்லோரும் படிப்பதில்லை.

சாமான் அதிகம் வேண்டாம். ஒரு கேமரா, இரண்டு மெமரி கார்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மழை உறை. ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும், அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிட வேண்டும். களிமண் மேடுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை வழுக்கும், ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். முழுக்கை சுடிதாரும் துப்பட்டாவும் போதும்.

டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைக் கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டுக்கொள்ளச் சொல். வேலை ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடும் அவசரத்தில் வெளியேற்றும் செலவும் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. தங்கச்சியையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்