1951 கோப்புகளைத் திறந்து காட்டுங்கள்

மயாமியின் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுல், ஜாக்சன்வில்லின் கேட்டர் பவுல் போட்டிகளை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் மூவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். 1951 கடைசியில் உங்கள் போட்டிகளுக்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தபோது போய்வந்த கடிதங்கள், தந்திகள், கூட்டக் குறிப்புகள் என எவை மிஞ்சியிருந்தாலும் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் டான்ஸ் (Dons) என்ற ஃபுட்பால் அணி ஏன் அழைக்கப்படவில்லை என்பது உங்கள் வாயாலேயே தெரியவேண்டும்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டும் ஓடும் ஆட்டம்) பருவம் முடிந்ததும் சிறந்த அணிகளை அழைத்து, புத்தாண்டையொட்டி நடத்தும் ஆட்டங்கள்தான் பவுல் போட்டிகள். அழைப்பு வந்தால் பெருமை மட்டுமில்லை, பணமும் வரும். டான்ஸ் அணிக்கு அந்தப் பணம் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஃபுட்பாலால் பல்கலைக்கழகத்துக்கு நஷ்டம் ஏறிக்கொண்டே போன காலம் அது.

டான்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜோ குஹாரிச். கோடையில் கார்னிங் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் போட்டு வாட்டி எடுத்தார். அதன் பலன் பருவம் முழுக்கத் தெரிந்தது. 9 ஆட்டம், 9 வெற்றி. ஆலி மாட்சன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும் 1,566 யார்டு. அந்த ஆண்டு நாட்டிலேயே அவ்வளவு தூரம் ஓடியவர் வேறு யாருமில்லை. அதோடு 21 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). நியூயார்க்கில் ஃபோர்டாமை 32-26 என்று ஜெயித்த ஆட்டத்தில், எதிரணி உதைத்தனுப்பிய பந்தை வாங்கிக்கொண்டு மறுகோடி வரை ஓடி டச் டவுன் வைத்தார். ஒரு முறை அல்ல, ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை. அவர் மட்டுமா? ஜினோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் என்று பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் (தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல்) இடம்பிடித்த இன்னும் இருவர் அதே அணியில் இருந்தார்கள். ஒரு கல்லூரியின் ஒரே அணியில் மூவர்!

மாட்சனும், தற்காப்பில் தூணாக நின்ற பர்ல் டோலரும் கறுப்பினத்தவர்கள். அந்த இருவரையும் விட்டுவிட்டு வந்தால் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்திருந்த தெற்கு மாநிலங்களில் ஆட இடம் உண்டு என்று அணிக்குச் சேதி வந்ததாகவும், அவர்கள் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்துவிட்டதாகவும் அந்த வீரர்கள் காலமெல்லாம் சொல்லிவந்தார்கள். சேதியை அனுப்பியது யார், அது முறையான அழைப்பா, காதோடு காதாக வந்த பேச்சா என்பதில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் ஆரஞ்சு என்கிறார், இன்னொருவர் கேட்டர் என்கிறார், மூன்று போட்டிகளின் பெயரும் அடிபடுகிறது. அதனால்தான் உங்களில் ஒருவரை மட்டும் குற்றம் சாட்டாமல் மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அவர்கள் மோதிய அணிகள் பலவீனமானவை, அதனால்தான் கூப்பிடவில்லை என்று ஒரு பதில் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எதிரணிகளில் ராணுவ, கடற்படைப் பயிற்சி முகாம்களின் அணிகள்கூட இருந்தன. சுகர் பவுலுக்குப் போன மேரிலாண்டும் டென்னஸியும் அப்போது தோல்வியே காணாதவை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டர் பவுலில் ஆடிய மயாமி அணி மூன்று முறையும் கிளெம்சன் இரண்டு முறையும் தோற்றுவிட்டு வந்தவை. இன்னும் கேளுங்கள்: டான்ஸ் அணி 47-14 என்று துவைத்தெடுத்த பசிபிக் கல்லூரிக்கு எல் பாசோவில் சன் பவுல் ஆட அழைப்பு கிடைத்தது. தோற்றவர் போனார், ஜெயித்தவர் வீட்டில் இருந்தார். இதை எதிரணிகளின் பலத்தை வைத்து மட்டும் விளக்க முடியுமா?

அழைப்பு வரவில்லை. பணமும் வரவில்லை. அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகம் ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. மாட்சன் அடுத்த கோடையில் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். டோலரின் முழங்கால் 1952-இல் ஓர் ஆட்டத்தில் நொறுங்கிப்போனதால் தொழில்முறை ஆட்டம் அவருக்குக் கைகூடவில்லை. ஆசிரியரானார், பள்ளி முதல்வரானார். 1965-இல் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவரானார். அப்போது என்.எஃப்.எல். தலைவராக இருந்த பீட் ரோசெல், 1951-இல் இதே டான்ஸ் அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர். டான்ஸ் அணி தன் கடைசி ஆட்டத்தை ஜெயித்த பாசடீனா மைதானத்தில் 1980-இல் என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடந்தபோது, நடுவர்களில் ஒருவராக டோலர் களத்தில் நின்றார்.

பழையதைக் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். அதே 1951 அக்டோபரில் ஸ்டில்வாட்டரில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டின் தாடையை எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் உடைத்தார். பந்து பிரைட்டின் கையில்கூட இல்லை. அந்த எதிரணியின் பல்கலைக்கழகம், இன்றைய ஓக்லஹோமா ஸ்டேட், 2005-இல் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தது. பிரைட் இறந்து அதற்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

டோலர் 2009-இல் போனார், மாட்சன் 2011-இல், செயின்ட் கிளேர் 2015-இல், மார்கெட்டி 2019-இல். நேரில் கண்டவர்களின் சாட்சி இப்படிக் குறைந்துகொண்டே வரும்போது, காகிதங்களின் சாட்சிதான் மிச்சம். அவை உங்கள் அலமாரிகளில் இருந்தால், ஒரு வரலாற்று ஆய்வாளரைக் கொண்டு தேடவையுங்கள். கிடைப்பதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுங்கள், உங்களுக்குச் சங்கடம் தரும் பக்கங்களையும் சேர்த்து. தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், தேடினோம், கிடைக்கவில்லை என்று கையெழுத்திட்டு மாட்சன், டோலர் குடும்பத்தாருக்கு எழுதுங்கள். அடுத்த பவுல் பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்யவேண்டும் என்பது என் கோரிக்கை.

இப்படிக்கு,
டான்ஸ் அணியை மறக்காத ஒரு ரசிகர்