கார் தயாரிப்பாளர்களுக்கு: அந்த மஞ்சள் விளக்கு ஏன் எரிகிறது என்று எங்களிடமும் சொல்லுங்கள்

கார் நிறுவனங்களில் டேஷ்போர்டையும் அதற்குப் பின்னால் ஓடும் மென்பொருளையும் வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் இப்போது தயாரிக்கும் கார்களில் நடுவே ஒரு பெரிய திரை இருக்கிறது. என்ன பாட்டு ஓடுகிறது, எந்த டயரில் காற்று எவ்வளவு, எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லை, அடுத்த திருப்பம் எத்தனை மீட்டரில் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறது. எஞ்சினில் கோளாறு என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். மிஞ்சிப்போனால் 'சர்வீஸ் மையத்தை அணுகவும்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். என்ன கோளாறு என்று காருக்குத் தெரியும். தெரிந்துதான் விளக்கைப் போட்டது. தனக்குத் தெரிந்ததை ஓட்டுகிறவரிடமும் அது சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பில் எரிந்தால் யாருக்கும் குழப்பமில்லை. உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கின் சங்கடமே வேறு. எரிபொருள் ஆவிக் கசிவைச் சோதிக்கும் கார்களில் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டாலும் அது எரியும். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டு எஞ்சின் சூடேற நேரமெடுத்தாலும் எரியும். டைமிங் விலகி எஞ்சினே பாழாகப் போகிறது என்றாலும் அதே விளக்குதான், அதே மஞ்சள்தான். ஒரே ஒரு வேறுபாடு வைத்திருக்கிறீர்கள்: விட்டுவிட்டு மின்னினால் அவசரம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் செராமிக் உருகிவிடும். வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் வண்டியை நிறுத்த வேண்டிய நிலை அது. இந்த ஒரு வேறுபாடுகூட ஓட்டுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. மேனுவலில் எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கிறது; விளக்கு மின்னும்போது யார் மேனுவலைப் புரட்டப்போகிறார்கள்?

இத்தனைக்கும் பழைய கார்கள் இவ்வளவு அழுத்தமாக இல்லை. எண்பதுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரில் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்தால், அதே செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். ஒரு மின்னல், சற்று இடைவெளி, அப்புறம் இரண்டு மின்னல் என்றால் 12. சோதனை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக அதை முதலில் காட்டிவிட்டு, பிறகு கோளாறு எண்களை வரிசையாகச் சொல்லும். டொயோட்டாவில் டெர்மினல்களின் பெயர்தான் வேறு, வித்தை அதேதான். கிரைஸ்லர் கார்களில் கம்பிகூட வேண்டாம்: சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று வேகமாகத் திருகினால் போதும். பின்னாளில் வந்த மாடல்களில் பலவற்றில் ஓடோமீட்டர் இருக்கும் இடத்திலேயே கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீடு (code), எழுத்தாக வந்து நின்றது. ஓடிய தூரத்தைக் காட்டுவதற்கென்று இருந்த அந்தச் சின்னக் கட்டத்தில் முடிந்தது, இன்று உள்ளங்கையைவிடப் பெரிய திரையில் முடியவில்லையாம்.

நடுவில் நடந்தது என்னவென்று தெரியும். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்துக்கும் ஓபிடி-2, அதாவது கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்வதற்கான பொது முறை, கட்டாயமானது. 2001-இல் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கும் அதே வழி வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை கொண்ட ஒரே மாதிரியான சாக்கெட், எல்லோருக்கும் பொதுவான கோடுகள், எந்த நிறுவனத்தின் ஸ்கேனரை மாட்டினாலும் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கருவி வாங்க முடியாமல் திண்டாடிய மெக்கானிக்குகள் பிழைத்தார்கள். ஆனால் அந்தச் சாக்கெட் வந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு, காரே நேரடியாகச் சொல்லிவந்ததை நீங்கள் மெல்ல நிறுத்திக்கொண்டீர்கள்.

ரகசியமாகவாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கைக்குள் அடங்கும் ப்ளூடூத் அடாப்டரைச் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு செயலியைத் திறந்தால் கோடு வந்துவிடும். அந்தச் சாக்கெட்டின் பதினாறாவது முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். கழற்ற மறந்து பல நாள் வண்டியை நிறுத்திவைத்தால் அடாப்டர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலிவான அடாப்டர்களில் கடவுச்சொல் என்பது பேருக்குத்தான். பக்கத்தில் இருப்பவர் போனும் அதோடு இணையலாம். இந்தச் சாக்கெட் வழியாக யாராவது காருக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று கவலைப்படுவது நீங்கள்தான். அதற்காகவே சில மாடல்களில் நடுவில் காவல் வாசல் மாதிரி ஒரு கேட்வேயை வைத்து வழியை அடைத்தும் இருக்கிறீர்கள். கோடு திரையிலேயே தெரிந்தால் எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த அடாப்டரை வாங்கவே மாட்டோம்.

நீங்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும்: 'கோடைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் தப்பான பாகத்தை மாற்றிவிடுவார்.' இதை நான் லேசாகத் தள்ளவில்லை. கோடு என்பது கெட்டுப்போன பாகத்தின் பெயர் இல்லை. எங்கே கணக்கு இடிக்கிறது என்பதன் பெயர். பி0171 வந்தால் அதற்கு அர்த்தம், முதல் பேங்க் (எஞ்சினின் ஒரு வரிசை) சிலிண்டர்களில் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை, கம்ப்யூட்டர் தன்னால் முடிந்தவரை கூடுதலாக ஊற்றியும் போதவில்லை என்பதுதான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். உடனே பலர் மாற்றுவதும் அந்த ஆக்சிஜன் சென்சாரைத்தான். காய்ச்சல் என்று வந்தவருக்குத் தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுத்து அனுப்புகிற வைத்தியம் இது. நிஜத்தில் காற்றளவு சென்சாரைத் தாண்டி எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், அந்தக் காற்றளவு சென்சாரே அழுக்கேறியிருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாலேயே சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கலாம்.

இவற்றை எப்படிப் பிரிப்பது? எரிபொருள் திருத்தம் என்று ஒரு எண் ஏற்கெனவே காருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கிட்ட அளவைவிடக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது) அந்த எண் எகிறி நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனதும் கிட்டத்தட்டச் சரியாகிறது என்றால், திருட்டுத்தனமாகக் காற்று எங்கோ நுழைகிறது. மெதுவாக ஓடும்போதுதான் அந்தக் கசிவு மொத்தக் காற்றில் பெரிய பங்கு. தலைகீழாக, ஐடிலில் ஒழுங்காக இருந்துவிட்டு மேடு ஏறும்போது எகிறினால் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகப்படலாம். ஒரே கோடு, இரண்டு வெவ்வேறு வியாதி. பிரித்துக் காட்டும் எண் உங்கள் கையில் இருக்கிறது.

பி0420 இன்னும் மோசம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். வண்டிக்குக் கீழே இருக்கும் பாகங்களில் விலை அதிகமானது அது. ஆனால் கன்வர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. நீண்டநாள் மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), ஆயில் எரிவதோ அதைக் கொன்றிருக்கும். காரணத்தைத் தேடாமல் புதிதை மாட்டினால் புதிதும் அதே வழியில் போகும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு அருகில் சின்னக் கசிவு இருந்தால் கன்வர்ட்டர் நன்றாக இருக்கும்போதே இந்தக் கோடு வருவதும் உண்டு. முதலாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் என்னும் பி0301 ஒன்றுதான் இவற்றில் கொஞ்சம் இரக்கமுள்ளது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (பிளக்குக்குப் பொறி மின்சாரம் தரும் பாகம்) இருக்கும் எஞ்சினில் முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில் குற்றவாளி. அசையாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று மேலே போகலாம்.

ஆக, வெறும் எண் ஆபத்துதான். அதனால்தான் வெறும் எண்ணைக் கேட்கவில்லை. கோடு பதிவாகும் நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கார் ஒரு படமாக உறையவைத்துக்கொள்கிறது: ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், லோடு, வேகம், எரிபொருள் திருத்தம். ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதையும் கூடவே காட்டுங்கள். 'முதலாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஐடிலில் நின்றது' என்று வந்தால் அது ஒரு கதை. 'எஞ்சின் சூடாக இருந்தது, முழு லோடு' என்றால் வேறு கதை. அதற்கு முன்தினம் மழைத் தண்ணீரில் ஓட்டினேன், புதிதாக பேட்டரி மாற்றினேன், டேங்கை நிரப்பினேன் என்பதெல்லாம் ஓட்டியவருக்கு மட்டுமே தெரிந்தவை. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சொன்னால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. நல்லவர் இல்லையென்றால், கோடில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பணம் பறிப்பது கொஞ்சம் சிரமமாகும். அதில் எனக்கு வருத்தமில்லை.

விட்டுவிட்டு வரும் கோளாறுகளுக்கு இது இன்னும் அவசியம். மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து சரியாக முடிந்தால் விளக்கு தானாக அணைந்துவிடுகிறது. ஒர்க் ஷாப் வாசலுக்குப் போகும்போது விளக்கு இல்லை. 'ஒன்றுமில்லை, ஓட்டுங்கள்' என்று அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே கோடு இன்னும் இருக்கும். பொதுவாக நாற்பது முறை எஞ்சின் குளிர்ந்து சூடான பிறகுதான் அழியும். தேதியும் ஓடோமீட்டர் அளவும் போட்டுப் பழைய கோடுகளின் பட்டியலைத் திரையில் வைத்தால், இருந்ததை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பேட்டரி தளர்ந்தால் வருமே, கோடுகளின் மழை, அதற்கும் ஒரு வழி செய்யுங்கள். மின்னழுத்தம் விழுந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்றதைக் காணோம் என்று புகார் எழுதும். யு எழுத்தில் தொடங்கும் கோடுகள் வரிசை கட்டும். அதைப் பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னவர்கள் உண்டு. எது முதலில் பதிவானது என்ற வரிசையில் காட்டி, அப்போது எத்தனை வோல்ட் இருந்தது என்றும் போட்டால் போதும்.

ஒன்றை மட்டும் கேட்கமாட்டேன்: அழிக்கும் பட்டன். திரையில் அது இருந்தால் விளக்கு எரியும்போதெல்லாம் அழுத்திக்கொண்டே ஓட்டுவோம், எங்களை எங்களுக்குத் தெரியும். கோடை அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் கூடவே போகிறது. கார் தன்னைத்தானே சோதித்து முடித்த பதிவுகளும் வெறுமையாகின்றன. பழைய கார் விற்பவர்கள் வாங்குபவர் வருவதற்கு முன் செய்வதும் இதுதான். ஆனால் கடைசியாகக் கோடு அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் கார் கணக்கு வைத்திருக்கிறது. அதைத் திரையில் போடுங்கள். 'நன்றாகப் பராமரித்த வண்டி' என்று சொல்பவரின் காரில் அந்த எண் 6 என்று இருந்தால், வாங்க வந்தவர் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்.

அப்புறம் உங்கள் சொந்தக் கோடுகள். பி0 என்று தொடங்குபவை பெரும்பாலும் பொதுவானவை, யாரும் தேடிப் படிக்கலாம். பி1 வரிசை நீங்கள் உங்களுக்காக எழுதிக்கொண்டது. ஒரே எண் ஒரு நிறுவனத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறொன்று. ஏபிஎஸ், ஏர்பேக் பக்கம் போனால் சாதாரண ஸ்கேனருக்கு எதுவுமே தெரிவதில்லை. ஏர்பேக்கைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு ஆசை இல்லை, பிரிக்கவும் கூடாது. ஓட்டுநர் பக்கமா, சீட் பெல்ட் பக்கமா, இல்லை சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று பெயரையாவது சொல்லுங்கள்.

இதற்குப் புதிய சென்சார் வேண்டாம், புதிய வயரும் வேண்டாம். தகவல் எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, திரை முன்னால் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் நடுவே தகவல் போக வழியும் இருக்கிறது. ஆர்பிஎம்மும் எஞ்சின் வெப்பமும் அந்த வழியாகத்தான் மீட்டருக்கு வருகின்றன. இணையம் வழியாக அப்டேட் அனுப்பும் கார்களில் இருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் முதலில் பி0 வரிசையையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் மட்டும், ஓட்டுபவர் தேர்ந்தெடுத்த மொழியில், செட்டிங்ஸ் மெனுவின் ஆழத்தில் புதைக்காமல் விளக்கைத் தொட்டதும் திறக்கிற மாதிரி வையுங்கள்.

இப்படிக்கு,
காரைத் தானே ஓட்டி, தானே பராமரிக்கும் ஒருவர்